வஞ்சிரம் இல்லாத விருந்து: தடைக்காலத்தில் காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் குப்பம் வரை

மீன் வாங்கப் போவதையெல்லாம் பயணம் என்று எழுதுவார்களா என்று என் கணவர் கேட்டார். ஒரு ஆட்டோ, ஒரு எவர்சில்வர் டிரம், இரண்டு கடற்கரை, நடுவில் கன்டெய்னர் லாரி நெரிசல், மொத்தம் ஐந்தரை மணி நேரம். ஊட்டிக்குப் போய் வருகிறவர்கள்கூட இவ்வளவு பாடு படுவதில்லை. அதனால் எழுதுகிறேன். வடசென்னையில் பிளாஸ்டிக் கவர் இல்லாமல், பக்கத்துக் கடல் மீனாகப் பார்த்து வாங்க நினைப்பவர்களுக்கு இது உதவலாம்.

போன மே மாதம் என் மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ராயபுரத்தில் பூசை, மதியம் மாத்தூரில் எங்கள் வீட்டில் சாப்பாடு. முப்பது பேருக்கு மேல் வருவார்கள் என்று கணக்கு. மகளின் ஞானத்தாய் என் கணவரின் அக்கா பிலோமினா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கீழ்வீட்டில் இருக்கிறார். அடுப்பு மட்டும் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர், சொந்தக்காரர்கள் எல்லோரும் இன்னும் அங்கேதான்.

ஒரு வருஷமாக வீட்டில் சில பழக்கங்களை மாற்றி வைத்திருக்கிறேன். கடைக்குப் பையோடு போவது, தண்ணீர் கேனை நிறுத்திவிட்டுக் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி மண்பானையில் ஊற்றுவது, காய்கறிக் கழிவை மொட்டை மாடித் தொட்டியில் மக்க வைப்பது, ஐஸ் பெட்டியில் வெளி மாநிலத்திலிருந்து வரும் மீனை வாங்காமல் இருப்பது. இதனால் பூமி எவ்வளவு குளிர்ந்தது என்று கேட்காதீர்கள், என்னிடம் கணக்கு இல்லை. எங்கள் வீட்டுக் குப்பைக் கூடை பாதியாகிவிட்டது, அது எனக்குத் தெரியும். அண்ணிக்கு இதெல்லாம் "உன் கூத்து". சமையல் அவருடைய ராஜ்ஜியம் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போனார்.

புதுநன்மைச் சாப்பாட்டில் அந்தப் பொறுமை முடிந்தது. தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் தட்டு எதுவும் வேண்டாம், வண்ணாரப்பேட்டையில் வாடகைக்கு எவர்சில்வர் டம்ளர் எடுக்கலாம், வாழை இலை போடலாம் என்று நான் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சரி, உன் இஷ்டத்துக்கே செய். இந்த ஒரு சாப்பாடு ஒழுங்கா நடக்கட்டும், அப்புறம் வூடு உன் கையில. ஆனா எங்க ஆளுங்க ஒருத்தர் மொகம் சுளிச்சாலும் அன்னிக்கோட இந்தக் கூத்துக்கு ஒரு கும்புடு. கவரு, கேனு எல்லாம் பழையபடி உள்ள வந்துரும். இன்னா சொல்ற?"

நான் சரி என்றேன். சரி என்று சொன்ன பிறகுதான் இன்னொன்றைச் சொன்னார்: ராயபுரத்தில் எல்லோரிடமும் வஞ்சிரம் வறுவல் உண்டு என்று சொல்லியாகிவிட்டது.

எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் விருந்து என்றால் வாய் தானாக வஞ்சிரம் என்றுதான் சொல்லும், காலண்டரைப் பார்க்காது. அந்த மாதத்தில் வரும் வஞ்சிரம் பெரும்பாலும் மேற்குக் கடற்கரையிலிருந்து லாரியில் வருவது. சுருக்கமாக, சனிக்கிழமை நான் எந்த மீனோடு வீடு திரும்புகிறேனோ அதைப் பொறுத்துத்தான் என் ஒரு வருஷப் பழக்கங்கள் பிழைக்கும்.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். பாபு எங்கள் தெரு முனையில் நிற்கும் ஆட்டோக்காரர், கேஸ் வண்டி. போய், காத்திருந்து, திரும்ப எழுநூறு ரூபாய் என்று பேசிக்கொண்டோம். பஸ்ஸிலோ மெட்ரோவிலோ போகக் கூடாதா என்று கேட்பவர்கள், மீன் டிரம்மோடு ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். அரிசி கொட்டி வைக்கும் டிரம்மைக் காலி செய்து எடுத்துக்கொண்டேன். கூட ஒரு கோணிப்பை.

மாத்தூரிலிருந்து காசிமேடு ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். அந்த நேரத்தில் அரை மணியில் போய்விடலாம். துறைமுகத்தில் விசைப்படகுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கட்டிக் கிடந்தன. சிலவற்றில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள், கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஏலக்கூடத்துப் பக்கம் போனால் தடைக்காலம் என்றே தோன்றாது. அவ்வளவு கூட்டம், அவ்வளவு மீன், சுற்றிலும் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டிகள்.

பாபு சிரித்தார். "இன்னாக்கா, மீனு கெடைக்காதுன்னு சொல்லிக்கினு வந்த? ஊருக்கே போடற அளவுக்குக் கீது."

வஞ்சிரம் இருந்தது. கை நீளத்துக்கு, பளபளவென்று. விற்ற அம்மாவிடம் எந்த ஊர் மீன் என்று கேட்டேன்.

"மீனு மேல அட்ரஸ் எழுதியா வருது? மங்களூரோ, கேரளாவோ. கிலோ ஆயிரத்து முந்நூறு. விசேஷமா? ஆயிரத்து இருநூறுக்கு எடுத்துக்க."

வாங்கியிருப்பேன். பொய் சொல்லவில்லை, பணத்தை எடுக்கப் பைக்குள் கைவிட்டுவிட்டேன். வாங்கினால் அண்ணி சந்தோஷப்படுவார், விருந்து நடக்கும், பேச்சுப்படி வீடும் என் கைக்கு வரும். யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. ஆனால் அந்தச் சாப்பாட்டை வைத்து ஜெயித்துவிட்டு நாளைக்கு எந்த முகத்தோடு நான் பக்கத்துக் கடல் மீன் என்று பேசுவேன்? எரிச்சலாக வந்தது. கடைசியில் ஐம்பது ரூபாய்க்கு உடைத்த ஐஸ் மட்டும் வாங்கி டிரம்மின் அடியில் கொட்டிக்கொண்டு, "திருவொற்றியூர் குப்பத்துக்கு விடுங்க" என்றேன். பாபு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

காசிமேட்டிலிருந்து வடக்கே ஆறு கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், கரைக்குக் கருங்கல் கொட்டியிருப்பார்கள், இன்னொரு பக்கம் லாரிகள். அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கல் கொட்டிய தூண்டில் வளைவுகளுக்கு நடுவில் கொஞ்சம் மணல் இருக்கிறது. பைபர் படகுகள் அங்கே ஏறும். தடை விசைப்படகுக்குத்தான். சின்னப் படகுகள் விடியலுக்கு முன் போய்விட்டு ஆறரை, ஏழு மணிக்குத் திரும்பும்.

நான் போனபோது ஒரு படகுகூட வந்திருக்கவில்லை. ஏழு ஆயிற்று. ஏழே கால் ஆயிற்று. வெறும் டிரம்மோடு வீட்டுக்குப் போய் அண்ணி முன்னால் நிற்பதை நினைத்தாலே பயமாக இருந்தது. ஏழரைக்கு முதல் படகு வந்தது. அதில் நெத்திலியும் கொஞ்சம் நண்டும். அடுத்ததில் சங்கரா. மூன்றாவதில்தான் கிழங்கா, விரல் கனத்தில், ஒரு சாண் நீளத்தில், வலையிலேயே துடித்துக்கொண்டு.

இங்கே எடை கிடையாது, கூறுதான். மணலில் தார்ப்பாய் விரித்துக் குவித்து வைப்பார்கள், குவியலுக்கு விலை. மூன்று கூறு கிழங்கா ஆயிரத்து ஐந்நூறு, இரண்டு கூறு சங்கரா எண்ணூறு. விற்ற பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். டிரம்மை நீட்டியதும் வாங்கி, இடுப்பிலிருந்து ஒரு கறுப்புக் கவரை உருவி டிரம்முக்குள் விரித்து, அதில் மீனைப் போடப் போனார்.

"கவர் வேண்டாம்னுதானே டிரம் கொண்டாந்திருக்கேன்."

"டிரம்மு நாறிப் போய்டுமே."

"கழுவிக்கலாம்."

"இன்னாவோ போ" என்று கவரை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார். ஒரு வருஷமாகப் பார்க்கிறேன், பாத்திரம் கொண்டு போனால் பாத்திரத்துக்கே ஒரு கவர் போட்டுக் கொடுப்பவர்கள்தான் அதிகம். அக்கறையில் செய்வதுதான். சிரித்துக்கொண்டே தடுத்துவிட வேண்டும், கோபப்பட்டால் வேலைக்கு ஆகாது.

எட்டு மணிக்குத் திரும்பினோம். சாத்தாங்காடு, மணலி வழியாக மாத்தூருக்கு எட்டு கிலோமீட்டர் இருக்கலாம். அரை மணி நேரப் பாதை என்று நினைத்ததுதான் என் முட்டாள்தனம். மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் மூன்று வரிசையில் நின்றுவிட்டன. டிரைவர்கள் இறங்கிப் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். ஒன்பது மணிக்கு நாங்கள் அதே இடத்தில் இருந்தோம். வெயில் ஆட்டோவுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. டிரம்மைத் தொட்டால் வெளிப்பக்கம் சூடு. மூடியைத் திறந்து பார்த்தேன், ஐஸ் தண்ணீராகிக்கொண்டிருந்தது.

அண்ணி போன் செய்தார். "எங்க கீற?"

"மணலி ரோட்ல. லாரி."

"மீனு?"

"இருக்கு."

"வஞ்சிரமா?"

"கிழங்கா. சங்கரா."

"கெட்டுப் போறதுக்குள்ள வந்து சேரு" என்று வைத்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. நாற்றம் பிடித்த சின்ன மீனோடு போய் இறங்கினால் அந்தக் கதையை ராயபுரம் முழுக்கப் பத்து வருஷம் பேசுவார்கள்.

பாபுதான் கோணியை எடுத்தார். தன் குடிதண்ணீரை அதன் மேல் ஊற்றி நனைத்து டிரம்மைச் சுற்றிப் போர்த்தினார். "அக்கா, முன்னாடி கரும்பு ஜூஸ் வண்டி கீது பாரு. அவன்கிட்ட ஐஸு இருக்கும்." நின்ற லாரிகளுக்கு நடுவில் நடந்து போனேன். ஜூஸ்காரரிடம் பாதி ஐஸ் பார் மீதி இருந்தது. மீனுக்கு என்றதும் முகத்தைப் பார்த்தார், பிறகு மேலே ஒட்டியிருந்த உமியைத் தட்டிக் கழுவி, உடைத்து, என் துப்பட்டாவிலேயே போட்டுக் கொடுத்தார். நாற்பது ரூபாய். ஈரத் துப்பட்டாவோடு நான் ஓடி வந்ததைப் பார்த்து ஒரு லாரி கிளீனர் கைதட்டினார். தட்டட்டும்.

பத்தரைக்கு வீடு. அண்ணி வாசலிலேயே டிரம்மை வாங்கிக்கொண்டார். ஒரு கிழங்காவை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தார். ரத்தச் சிவப்பு. வயிற்றைக் கட்டை விரலால் அழுத்தினார், குழி விழவில்லை. "ம்" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டேன். அருவாமனையைப் போட்டு அவரே வெட்டினார், என்னைத் தொடக்கூட விடவில்லை. செதிலும் குடலும் முருங்கை மரத்தடிக் குழிக்குப் போயின. சங்கராவை அன்று சாயங்காலமே குழம்பு வைத்துவிட்டோம். மீன் குழம்பு மறுநாள்தானே ருசி. கிழங்காவை மஞ்சள், உப்பு தடவிப் பிரிட்ஜில் வைத்தோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தடைக்காலத்தில் பக்கத்துக் கடல் மீன் வேண்டுமென்றால் காசிமேட்டில் நின்று நேரத்தை வீணாக்காமல் நேரே குப்பத்துக்குப் போங்கள், ஆனால் ஐஸை மட்டும் காசிமேட்டிலேயே வாங்குங்கள். இந்த மீன்தான் வேண்டும் என்று மனசில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், கடல் கொடுப்பதை வைத்துக் குழம்பா வறுவலா என்று முடிவு செய்யுங்கள். மூடி இறுக்கமாக உள்ள பாத்திரம், ஈரக் கோணி, நிறையச் சில்லறை நோட்டு. திரும்பி வர மணலி ரோட்டை நம்ப வேண்டாம். எனக்குச் செலவு மொத்தம் மூவாயிரத்துச் சொச்சம். வஞ்சிரம் வாங்கியிருந்தால் மீனுக்கு மட்டும் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருக்கும்.

விருந்து என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்?

முதல் பந்தியில் இலைக்கு ஒரு முழு கிழங்கா வைத்தோம். அண்ணியின் சித்தி மகள் ரோசிதான் எனக்குப் பயம். வாய் நீளம். இலையைப் பார்த்துவிட்டு, "வஞ்சிரம்னு சொன்னியே பிலோமி" என்றார். அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. "தடைக்காலத்துல ஏது வஞ்சிரம்? நேத்து குப்பத்துல எறங்குனது. தின்னு பாத்துட்டுச் சொல்லு" என்றார். ரோசி தின்று பார்த்தார். முள்ளை மட்டும் இலை ஓரமாக வைத்துவிட்டு இன்னொன்று கேட்டார். அதன் பிறகு வறுவலுக்கு அடித்துக்கொண்டார்கள், கடைசிப் பந்திக்குச் சங்கராக் குழம்புதான் மிஞ்சியது.

நாலு மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். நான் உள்ளே வாடகை டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் ரோசியின் குரல் கேட்டது. "பிலோமி, கொழம்பு கொஞ்சம் ஒரு கவர்ல ஊத்திக் குடேன். எங்க வூட்டுக்காரு வரல இல்ல."

"எங்க வூட்ல கவர் கெடையாது" என்றார் அண்ணி. "டப்பா தரேன். அடுத்த வாரம் பூசைக்கு வரும்போது கொண்டாந்துடு."

ஒரு வருஷமாக உன் கூத்து, உன் இஷ்டம், உன் பழக்கம் என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு "எங்க வூட்ல" என்றார். குழாயை மூடிவிட்டு, அவர் உள்ளே வந்து டப்பா தேடி முடிக்கிற வரைக்கும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.