செலவு கேட்ட முனிரத்தினம்

போன மாதம் சித்தூரிலிருந்து ஒரு போன். மாங்கூழ் ஃபேக்டரி மேனேஜர். "மேடம், அர்ஜென்ட்டா வரணும். மெஷின் மாட்டறதுக்கு ஃபிரெஞ்சுக்காரம்மா ஒருத்தங்க வந்திருக்காங்க. அவங்க பேசறது இங்க ஒருத்தருக்கும் புரியல."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பாண்டிச்சேரியில் ஃபிரெஞ்சு படித்துவிட்டுத் திருப்பதியில் வாழ்க்கைப்பட்டவள் நான். இந்த ஊரில் என் ஃபிரெஞ்சை யார் கேட்டார்கள்? மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

தாராளமயம் வந்தாலும் வந்தது... எங்கெங்கிருந்தோ மெஷின்கள் சித்தூருக்கு வந்து இறங்குகின்றன. பின்னாலேயே அதை ஓட வைக்க ஓர் ஆளும் வருகிறார். இந்த முறை வந்தவர் சில்வி. ஐம்பது வயதிருக்கும். ஃபேக்டரி ஆட்கள் ஏற்கெனவே அவரைச் 'செல்வி மேடம்' ஆக்கியிருந்தார்கள். வாசலில் மாம்பழ லாரிகள் வரிசை கட்டி நின்றன. மெஷின் ஓடவில்லை. பழம் காத்திருக்குமா?

நான் ஃபிரெஞ்சில் வணக்கம் சொன்னேன். அவர் இங்கிலீஷில் பதில் சொன்னார். மறுபடி ஃபிரெஞ்சில் கேட்டேன். மறுபடி இங்கிலீஷ். அதுவும் சொற்களை மென்று விழுங்குகிற இங்கிலீஷ். சரி, வந்த வேலையைப் பார்ப்போம் என்று அதையே தெலுங்கில் ஆட்களுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.

சாயங்காலம், அசதியில், அவர் வாயிலிருந்து ஃபிரெஞ்சு வந்தே விட்டது. "என் ரதம் எத்தனை மணிக்கு வரும்?"

ரதமா? திருப்பதிக்காரிக்கு ரதம் புதிதில்லைதான். ஆனாலும் விழித்தேன். ஓட்டலுக்குப் போகிற காரைத்தான் கேட்டிருக்கிறார். நான் படித்த புத்தகத்தில் ரதம் என்று இருக்கும் சொல், அவர்கள் ஊரில் காராம்.

"இதனால்தான் உங்களிடம் ஃபிரெஞ்சு பேசவில்லை" என்றார் சில்வி.

அவர் பிரான்ஸ்காரரே இல்லை. கனடா. கிழக்குக் கடலோரத்தில், ஃபிரெஞ்சு பேசும் சிறுபான்மை மக்களின் கிராமம். வீட்டில் எல்லோருக்கும் மீன் ஃபேக்டரியில் வேலை. அது மூடியதும் டொரன்டோ பக்கம் பிழைக்கப் போனார். அங்கே எல்லாம் இங்கிலீஷ். ஒருமுறை பாரிஸுக்குப் போய், ஆசை ஆசையாகத் தன் பாஷையில் ரொட்டி கேட்டிருக்கிறார். கடைக்காரர் இங்கிலீஷில் பதில் சொன்னாராம்.

மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது எங்களோடு உட்கார்ந்தவர் ஆபரேட்டர் முனிரத்தினம். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நாகலாபுரம் பக்கத்துக்காரர்; தாய்மொழி தமிழ். நாள் முழுக்கத் தெலுங்கு பேசியவர், நான் பேச்சுவாக்கில் தமிழில் "மோர் வேணுமா?" என்று கேட்டதும், "போதும் மேடம், நான் துன்னுட்டேன்" என்றார்.

சில்வி நிமிர்ந்தார். "இப்போது பாஷையை மாற்றினீர்களா?"

"ஆமாம். எப்படித் தெரிந்தது?"

"அவர் குரல் இறங்கிவிட்டது. எங்கள் ஊரிலும் அப்படித்தான். இங்கிலீஷ்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும், நாங்கள் ஃபிரெஞ்சை ரகசியம் மாதிரி பேசுவோம்."

எனக்கு ஆச்சரியம். இத்தனை வருடம் திருப்பதியில் இருக்கிறேன்... இதை நான் கவனித்ததே இல்லை. முனிரத்தினத்திடமே கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார்.

"அம்பத்தூர்ல ஒரு கம்பெனியில சேர்ந்தேன் மேடம். எங்க ஊர் பசங்கள்லாம் மெட்ராஸுக்குப் போய்க்கினு இருந்த நேரம். நைனாவுக்கு உடம்பு சரியில்லன்னு தகவல் வந்துச்சி. சூப்பர்வைசர்கிட்ட, நாளைக்கு எனக்கு செலவு வேணும் சார்னு கேட்டேன். எவ்ளோன்னாரு. ஒரு நாளுன்னேன்."

தெலுங்கில் செலவு என்றால் லீவு.

"லைன்ல இருந்தவங்க மொத்தமும் சிரிச்சிச்சி. அதுக்கப்புறம் என் பேரே செலவுதான். நைனாவைப் பார்க்க வந்தவன் திரும்பிப் போவல. அங்க போனா தெலுங்கோடு, இங்க இருந்தா அரவோடு. பஸ்ஸு பார்டரைத் தாண்டினா நான் வேற ஆளாயிடறேன் மேடம்."

தெலுங்கோடு என்றால் தெலுங்குக்காரன்; அரவோடு என்பது தமிழ்க்காரனுக்குத் தெலுங்கில் இருக்கிற, அவ்வளவு செல்லமில்லாத பெயர்.

இதைச் சில்விக்கு மொழிபெயர்த்தேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இந்த ஃபேக்டரியிலேயே இருந்துவிடுவாரா?" என்று கேட்டார்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கம்பெனி திண்டுக்கல் பக்கம் புது யூனிட் திறக்கிறது. ஷிஃப்ட் இன்சார்ஜாகப் போகச் சொல்லி மேனேஜர் கூப்பிட்டிருக்கிறார். முனிரத்தினம் மாட்டேன் என்றிருக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் மனைவி கஸ்தூரி முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"முப்பது பேரை வேலை வாங்கணும் மேடம். நான் வாயத் தொறந்தா சிரிப்பாங்க."

நான் இதைச் சொன்னதும் சில்வி தட்டை ஒதுக்கி வைத்தார். பிறகு, நான் கேட்காமலே, ஃபிரெஞ்சில் பேசினார். அவருக்கு ஒரே மகன். அவனிடம் அவர் ஃபிரெஞ்சு பேசியதே இல்லை. தன்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி அவனைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது என்று. இப்போது பெரியவனாகிவிட்டான். ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் நடுவில் சும்மா உட்கார்ந்திருக்கிறான்.

நான் தமிழில் சொல்லி முடித்ததும் முனிரத்தினம் கேட்டார்: "பையன் கோச்சிக்கினானா?"

"ஆமாம். என்னைக் கேட்காமல் நீயே எப்படி முடிவு செய்தாய் என்று கேட்டானாம்" என்று சில்வியிடம் கேட்டுச் சொன்னேன்.

முனிரத்தினத்துக்கு இரண்டு பெண்கள். வீட்டில் அவர்களிடம் தெலுங்கில்தான் பேசுவார் என்று முன்பே சொல்லியிருந்தார். எழுந்து கை கழுவப் போனார்.

அடுத்த நாள் மெஷின் ஓடியது. கூழ் மஞ்சளாகப் பொங்கி வந்தது. மேனேஜர் ஏதோ ஒரு சாமியைக் கும்பிட்டார். அந்த இரைச்சலுக்கு நடுவே முனிரத்தினம் எதிர்க்கோடியில் நின்ற தன் ஊர்க்காரரைப் பார்த்து, "வால்வை மெதுவா தொறப்பா, நான் பார்த்துக்கினுதான் இருக்கேன்" என்று குரல் கொடுத்தார். உரக்க. தமிழில். இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

சில்வி கிளம்பும்போது, நல்ல ஃபிரெஞ்சு எது என்பதைப் பற்றி எனக்கிருந்த உறுதியில் பாதியைக் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டார். மீதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. எது சுத்தமான பாஷை என்று யார், எங்கே உட்கார்ந்துகொண்டு தீர்மானிக்கிறார்கள்? பிழைக்கப் போன இடத்தில் நாம் முதலில் ஒளித்து வைப்பது ஏன் நம் பேச்சையே?

என்னை அனுப்பி வைக்கப் பஸ் ஸ்டாண்டு வரை முனிரத்தினம் கூட வந்தார். திண்டுக்கல்லுக்குச் சரி சொல்லிவிட்டாராம். கஸ்தூரியிடம் சொன்னதற்கு, "நிஜமாவா?" என்று மட்டும் கேட்டாளாம். பல நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு.

"அங்கேயும் சிரிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"சிரிக்கட்டும் மேடம். சிரிச்சா, நான் பேசினது காதுல உழுந்துச்சின்னுதானே அர்த்தம்?"