சேராத பால்

பாலாடைச் சங்கில் பீய்ச்சிய தாய்ப்பால். அதன் நடுவே காலுதறிக்கொண்டிருந்த ஒரு கட்டெறும்பு. யுத்தகாலத் தூத்துக்குடி என்றதும் எனக்கு முதலில் தோன்றுவது துறைமுகமோ உப்பளமோ அன்று; அந்த எறும்புதான்.

சித்தியின் தலைப்பிள்ளை இரண்டு மாதம் வரை நன்றாகவே இருந்தான். அதன்பின், மார்பில் வாய்வைத்துச் சில மிடறு உறிஞ்சியதுமே நெற்றியெல்லாம் வேர்க்கும், முகம் வெளிறும், பெருநோவு கண்டவன்போல் வீறிடுவான். பாலை விட்டதும் அடங்குவான். பார்த்தவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? "ஏளா, ஒம் பாலு பிள்ளைக்குச் சேரல" என்றார் சித்தியின் மாமியார். இலக்கிய வகுப்பில் சொற்களை எடைபோடக் கற்றுவரும் எனக்கு, அந்தச் 'சேரல'வைவிடக் கனமான சொல் இன்னும் எதிர்ப்படவில்லை. பால் நஞ்சா என்று சோதிக்க அதில் விட்ட எறும்பு செத்ததும் தீர்ப்பு உறுதியாயிற்று. சித்திக்குப் பால் கட்டிக்கொண்டு வலிக்க, பிள்ளைக்கு ஆட்டுப்பால் புகட்டினார்கள். அதற்கும் அவனுக்கு வேர்த்தது. அதை எவரும் பொருட்படுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் மார்பைத் தட்டிப் பார்த்து, "இருதயம் பெருத்திருக்கு. ஏன்னு சொல்லத் தெரியல" என்றார். சில நாட்களில் அங்கேயே அவன் இறந்தான். காரணம் அறிய உடலைத் திறந்து பார்க்கலாமா என்று அவர் தயங்கிக் கேட்டபோது, "பச்சமண்ண அறுக்கவா?" என்று மாமியார் அலறினார். சித்தி அழவில்லை. "அறுத்துப் பாருங்க. எம் பாலுதான் கொன்னுச்சான்னு எனக்குத் தெரியணும்" என்றாள்.

பார்த்துவிட்டு வந்த டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். இருதயத்தின் தசைக்கே ரத்தம் ஊட்டும் குழாய்கள் இரண்டு. அவற்றில் இடப்பக்கத்தது, முளைக்க வேண்டிய பெருங்குழாயில் முளைக்காமல், நுரையீரலுக்குச் செல்லும் குழாயில் முளைத்திருந்தது. கருவிலேயே நேர்ந்த பிழை. கைக்குழந்தைக்குப் பால் உறிஞ்சுவதே கடும் உழைப்பு. அந்த வேளையில் இருதயம் போதிய ரத்தமின்றி வலித்திருக்கிறது. முன்பே அறிந்திருந்தாலும் தம்மால் காப்பாற்றியிருக்க முடியாது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

"சேரலன்னது நெசந்தான். சேர வேண்டிய எடத்துல சேராதது கொழாயி, பாலு இல்ல."

"அப்பம் எறும்பு செத்துச்சே?" மாமியார் விடவில்லை.

"எளநியில விட்டாலும் சாவத்தான் செய்யும், ஆச்சி. அதுக்கு நீந்தவா தெரியும்?"

சித்தி நிமிர்ந்தாள். பழி நீங்கிய முகம் என்று ஒரு கணம் நான் எண்ணினேன்.

"அப்பம் கடேசி வரைக்கும் நான் குடுத்திருக்கலாமா, டாக்டரம்மா?"

அவருக்குப் பொய் வரவில்லை. "குடுத்திருக்கலாம்" என்றார்.

அப்போதுதான் சித்தி அழுதாள். அழ அழப் பால் கசிந்து அவள் ரவிக்கை நனைந்தது. மாமியார் எழுந்து வந்து, தம் முந்தானையால் அந்த ஈரத்தை மூடினார்.