அம்மாவுக்காக அமைத்த மேல்மாடி

பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் முடிந்து, மாவு தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும், இரத்தினபுரியில் நான் வேலை செய்த பேக்கரியை இடித்து மூன்று மாடியாகக் கட்டினார்கள். முதலாளியின் மகன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். கீழே பாண் சுடும் போறணை, நடுவில் விற்பனை, மேலே உட்கார்ந்து தேநீர் குடிக்க ஒரு மண்டபம்.

"மேல்மாடி மத்தக் கடைங்க மாதிரி இருக்கக் கூடாதுடா. நீதான் படம் வரைவியே, யோசிச்சுச் சொல்லு" என்றான். கேக்குக்குப் பூப்போடுவது அங்கே என் வேலை.

அன்று அவனிடம், அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். நிவித்திகலப் பக்கத்துத் தோட்டத்தில், தேயிலைத் தூள் அரைக்கும் ஸ்டோரின் மேல்மாடியில் அம்மா கொழுந்து வாட்டும் வேலை செய்தாள். சுவர் முழுக்க ஜன்னல்கள். சாக்குத் தட்டுகள் அடுக்கடுக்காக, அவற்றின் மேல் பச்சைக் கொழுந்து. பள்ளி விடுமுறையில் என்னைக் கடைசி ஜன்னலோரம் உட்காரவைத்து, பிளேன்டீயில் பனிஸைத் தோய்த்து ஊட்டுவாள். எனக்கு மீசை முளைப்பதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள்.

அவன் கண் கலங்கியது. "அதே மாதிரி செய்வோம் மச்சான். ஒங்கம்மா ஞாபகமா இருக்கட்டும்."

அதை நம்பி, சம்பளம் பேசாமல் இராத்திரி பகலாக உழைத்தேன். பலகைத் தரை போடவைத்தேன். சுவர் நீளத்துக்கு ஜன்னல்கள், அவற்றையொட்டி உட்கார நீள வாங்குகள். பனிஸும் பாணும் அடுக்க, சாக்கு இழுத்துக் கட்டிய தட்டுகள். கடைசி ஜன்னலோரம் மட்டும், ஒரு தாயும் பிள்ளையும் உட்காரும் அளவுக்குச் சின்ன வாங்கு.

திறப்பு விழாவுக்கு அப்பாவைத் தோட்டத்திலிருந்து கூட்டிவந்தேன். சலவை வேட்டியோடு வந்து, அந்தச் சின்ன வாங்கைக் கையால் தடவிப் பார்த்தார்.

சிநேகிதன் முதலில் சிங்களத்தில் பேசினான். தன் தாய் ஸ்டோர் மாடியில் பாடுபட்டதாகவும், தனக்குப் பனிஸ் ஊட்டியதாகவும் சொன்னான். எனக்குத்தான் சரியாக விளங்கவில்லையோ என்று நினைத்தேன். பிறகு தமிழிலும் அதையே சொன்னான். பட்டுச் சேலையில் முன்வரிசையில் இருந்த அவனுடைய அம்மா தோட்டத்தில் ஒரு நாள்கூட வேலை செய்தவரல்ல. அவர் தலையைக் குனிந்துகொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நம்ம அம்மாவுக்குன்னு சொன்னியேப்பா?"

அவரை அந்தச் சின்ன வாங்கில் உட்காரவைத்தேன்.

கூட்டம் கலைந்ததும் அவனைப் படிக்கட்டில் மறித்துக் கேட்டேன். சிரித்தான். "யாவாரத்துக்குச் சொல்றதுடா. கேக்குறவன் மொதலாளியோட கதையத்தானே கேப்பான்? அம்மான்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே. ஒன்ன மேனேஜராப் போடுறேன்."

"அவ ஒனக்கு அம்மா இல்லடா" என்றேன். ஏப்ரனைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, அப்பாவோடு பஸ் ஏறினேன்.

பிறகு தெஹியோவிட்டவில் ஒரு சிறிய பேக்கரியில் சேர்ந்தேன். இரத்தினபுரிக்குப் போய்வரும் ஆட்கள், "அந்த மொதலாளி அவங்கம்மா மேல எவ்வளவு பாசம்!" என்று என்னிடமே சொல்வார்கள். கேட்டுக்கொண்டு மாவு பிசைவேன். அவன் என் அம்மாவின் கதையை எடுத்துக்கொண்டதைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொண்டேன். ஆனால் இன்று கண்ணை மூடினால், தோட்டத்து ஸ்டோர் மாடி வருவதில்லை. அவனுடைய மண்டபம்தான் வருகிறது. அதில் அம்மாவைத் தேட வேண்டியிருக்கிறது.