முதலாளியின் குதிகால்

என் முதலாளிக்குக் கார் ஓட்டத் தெரியாது. எட்டு வருடம் அவருக்கு டிரைவராக இருந்தவன் சொல்கிறேன், நம்புங்கள். லைசென்ஸ் இருந்தது. அது அவர் மொபெட்டில் பனியன் துணி மூட்டை கட்டிக்கொண்டு அலைந்த காலத்தில் ஒரு புரோக்கர் வாங்கிக் கொடுத்தது. கார் வாங்கிய அன்றே என்னையும் வேலைக்கு வைத்துவிட்டார். அதனால் ஸ்டீரிங்கைத் தொட வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் திருப்பூரில் பனியன் ஆர்டர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஷெட் போட்டவர்கள் எல்லாம் ஜெர்மன் கார் வாங்கினார்கள். வாங்கி எங்கே போனார்கள்? வீட்டிலிருந்து கம்பெனி, கம்பெனியிலிருந்து சாயம் போடும் டையிங், மிஞ்சிப் போனால் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையரைக் கூட்டிவரக் கோயமுத்தூர் ஏர்போர்ட். அவ்வளவு பெரிய காரை இரண்டாம் கியரைத் தாண்ட விடாத ஊர் எங்கள் ஊர்.

அப்படி ஏர்போர்ட்டிலிருந்து நான் கூட்டிவந்த ஒரு வெள்ளைக்காரப் பையர்தான் இந்த வம்பைக் கிளப்பினார். அவருடைய நாட்டில் நல்ல காரியத்துக்காக ஓடுவார்களாம், சைக்கிள் மிதிப்பார்களாம், கார் ஓட்டுவார்களாம். ஓட்டி முடித்தால் அதற்காக மற்றவர்கள் உதவி செய்வார்களாம். "எட்டு எக்ஸ்போர்ட்டர்கள் உங்கள் கார்களைக் கன்னியாகுமரி வரை ஓட்டிப் போய்த் திரும்பி வாருங்கள். உங்கள் ஊர் தர்ம ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் மெஷின்கள் வாங்கித் தருகிறோம்" என்றார். எங்கள் கம்பெனியில் துணியில் குறை பார்க்கும் செக்கிங் பெண்களுக்கு இது கடைசிவரை புரியவில்லை. "அவியகளே ஜாலியா டூர் போவாங்களாமா, அதுக்கு ஆசுபத்திரிக்கு மெஷின் வருமாமா? நல்ல கூத்துங்க!" என்று சிரித்தார்கள்.

ஒரே நிபந்தனை. காரை முதலாளிதான் ஓட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு ஆள் உட்காரலாம், ஆனால் ஸ்டீரிங்கைத் தொடக்கூடாது. அதைக் கண்காணிக்கப் பையரின் குவாலிட்டி ஆபீசர் கடைசியாக ஒரு வேனில் வருவார். எட்டில் ஒன்று தவறினாலும் மெஷின் கிடையாது. "ஒரு பீஸ் ஃபெயில் ஆனாலும் லாட்டே ரிஜெக்ட்" என்று பையர் கண்ணடித்துச் சொன்னாராம். அவருக்கு அது வேடிக்கை. திருப்பூர்க்காரனுக்கு அது அனுப்பிய சரக்கு மொத்தமும் திரும்பி வந்து முதலே போகிற வார்த்தை.

எனக்கு மற்றவர்களைவிட அந்தப் பயம் அதிகம். என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தது. திருப்பூரில் தர்மத்துக்குச் செய்கிற டயாலிசிஸ் அப்போது இல்லை. வாரத்தில் இரண்டு நாள் அவளும் அவள் தங்கையும் பஸ் ஏறிக் கோயமுத்தூர் போவார்கள். திரும்பும்போது உட்கார இடம் கிடைக்காது. நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்ட உடம்பு, கம்பியைப் பிடித்துக்கொண்டு அவிநாசி ரோடு முழுக்க நின்றுகொண்டு வரும். அந்த நேரத்தில் நான் ஏசி காரில் யாரையாவது ஏற்றிக்கொண்டு அதே ரோட்டில் போய்க்கொண்டிருப்பேன். முதலாளியிடம் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லியிருந்தேன். அதற்கு மேல் சொன்னால் பிச்சை கேட்பதுபோல் ஆகிவிடும் என்று ஒரு வீம்பு. அந்த வீம்பை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கண்ணு, நாஞ் சரின்னு தலையாட்டிப் போட்டேன். ஓட்டப் பழக்கி உட்ருவியா?" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் முதலிபாளையம் தொழிற்பேட்டை ரோடுகள் காலியாகக் கிடக்கும். அங்கே கூட்டிப் போனேன்.

கியர் போட வேண்டாத கார்தான். ஆனாலும் முதல் நாளே எனக்கு உயிர் தொண்டைக்கு வந்துவிட்டது. பிரச்சினை இரண்டு. முதலாவது என் வாய். பிறந்ததிலிருந்து 'ங்க' போட்டே பழகிய வாய். "ஏனுங்க மொதலாளி, முன்னால ஒரு எருமை வருதுங்க, கொஞ்சம் பிரேக்கு புடிச்சீங்கன்னா நல்லா இருக்குமுங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எருமையே பயந்து ஒதுங்கிவிட்டது. இரண்டாவது அவர் கால். சாதாரணமாகப் போகும்போது பிரேக்கை ஒழுங்காகப் பிடிப்பார். திடீரென்று ஏதாவது குறுக்கே வந்தால் போதும், கால் ஆக்சிலரேட்டரை விட்டு நகராது. குதிகாலை மட்டும் தரையில் அழுத்திக்கொண்டு, கார் நிற்கும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார். கார் எப்படி நிற்கும்? அது பாட்டுக்கு உருண்டுகொண்டு போகும்.

நாலு ஞாயிறு கத்தினேன். பலனில்லை. வீட்டுக்கு வந்து, "இந்த ஆளு கன்னியாகுமரி போக மாட்டாரு, என்னையும் கூட்டீட்டு நேரா மேலோகம்தான் போவாரு" என்று மனைவியிடம் புலம்பினேன். அவர் காலை எப்படி வைக்கிறார் என்று அவள் விடாமல் கேட்டாள். சொன்னேன். படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். வாரக்கணக்கில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"ஏனுங்க, உங்க மொதலாளி முன்னால டெய்லருதானுங்களே?"

"ஆமா புள்ள. பல வருசம் பவர் மெஷின்ல ஒக்காந்தவரு."

"அதானுங்க விசயம்! நாங்க மெஷினை டக்குனு நிறுத்தோணும்னா காலை எடுக்க மாட்டோமுங்க. குதிகாலை அமுத்துவோம். ஊசி அப்படியே நின்னுக்கும். அவரு கால் இன்னும் டெய்லர் காலுங்க."

உடம்பு கெடும்வரை அவளும் பவர் மெஷினில் இருந்தவள்தான். வீங்கிப்போயிருந்த பாதத்தைக் கட்டில் சட்டத்தில் வைத்து, முன்னங்காலை அழுத்தியும் குதிகாலை அழுத்தியும் காட்டினாள். "பிரேக்குன்னு சொன்னீங்கன்னா அவரு மெஷினைத்தான் நிறுத்துவாரு. 'காலை மாத்து'ன்னு சொல்லுங்க. அப்பத்தான் கால் எந்திரிக்கும்" என்றாள்.

வருடக்கணக்கில் கார் ஓட்டிய எனக்குத் தெரியாதது கட்டிலில் கிடந்தவளுக்குத் தெரிந்தது. அடுத்த ஞாயிறு "காலை மாத்துங்க" என்று சொல்லிப் பார்த்தேன். பத்துக்கு ஒன்பது தடவை நின்றது. அந்தப் பத்தாவதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

எட்டுக் கார்களும் ஒரு காலை நேரத்தில் மாலை மரியாதையோடு கிளம்பின. தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் என்று போய் மதுரையில் தங்கினோம். ரோடெல்லாம் நாலு வழிச்சாலைக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு மாற்றுப்பாதையிலும் நான் இல்லாத பிரேக்கை இடது பக்கத்தில் மிதித்து மிதித்து, கெண்டைக்கால் கட்டிக்கொண்டது. முதலாளிக்கோ பயம் விட்டுப் போய்க் குஷி வந்துவிட்டது. திருநெல்வேலி தாண்டியதும் பாட்டுப் பாட ஆரம்பித்தார். கன்னியாகுமரியில் பேண்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக் கடலில் நின்று, "பாத்தியா கண்ணு, நானே ஓட்டியாந்துட்டேன்!" என்று கத்தினார். கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கடலைப் பார்த்துக் கும்பிட்டேன். பாதிதானே முடிந்திருந்தது.

திரும்பும்போது தாராபுரம் வரை ஒரு குறையும் இல்லை. இன்னும் ஒரு மணி நேரம்தான். அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனி வேன் ஓரமாக நின்றிருந்தது. ஷிப்ட் விட்டு வந்த பெண்கள் வேனுக்கு முன்னாலிருந்து திடுதிப்பென்று ரோட்டைக் கடந்தார்கள். நான் அவர் காலைத்தான் பார்த்தேன். குதிகால் அழுந்தியது. பாதம் நகரவே இல்லை.

"டேய்! காலை மாத்துடா!"

என் வாயிலிருந்துதான் வந்தது. கார் கிறீச்சென்று கத்திக்கொண்டு நின்றது. முன்னால் நின்ற பெண்ணுக்கும் காருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. தெற்கத்திப் பேச்சுக்கார அம்மா ஒருத்தி பானட்டில் ஓங்கி ஒரு அறை வைத்து, "யோவ், கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? பெரிய காருன்னா ஆளு மேல ஏத்துவீகளோ?" என்று கேட்டாள். முதலாளி இறங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டிவிட்டுத்தான் போனாள். அத்தனையும் நியாயமான திட்டு.

காருக்குள் வந்து உட்கார்ந்தவர் ஸ்டீரிங்கைத் தொடவே இல்லை. நான் வேலை போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன். சம்பளம் கொடுக்கிறவரை 'டா' போட்டவனை யார் வைத்துக்கொள்வார்கள்? ஆனால் அவர் சொன்னது வேறு. "என்னால ஆகாது கண்ணு. ஆரையாச்சும் கொன்னு போடுவேன். நீ இந்தப் பக்கம் வா. லாட்டு ரிஜெக்ட் ஆனா ஆயிட்டுப் போகுது."

பின்னால் ஆபீசரின் வேன் வந்து நிற்பது கண்ணாடியில் தெரிந்தது. ஆபீசர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி சொல்வதுதான் நியாயம் என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனால் வாய் பேசிவிட்டது. "அந்த மெஷின்ல என்ற ஊட்டுக்காரி படுக்கோணுங்க. பஸ்ஸுல நின்னு நின்னு அவளுக்குச் சீவனே போயிருச்சுங்க" என்றேன். இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்த வீம்பெல்லாம் கண்ணீராகக் கொட்டியது. அவர் கால் விசயத்தைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அவள்தான் என்பதையும் சொன்னேன்.

 அவர் செருப்பைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டார். "டெய்லருக்குச் செருப்பெதுக்கு" என்றார். வெறுங்காலை பிரேக்கின் மேல் வைத்துப் பார்த்தார். "ஊரு போற வரைக்கும் எனக்கு 'ங்க' போடாதே. போட்டயின்னா எறக்கி உட்ருவேன். தோணுறப்பல்லாம் அதே மாதிரி சொல்லு."

மாட்டுவண்டி வேகத்தில் வந்தோம். பின்னால் ஹார்ன் அடித்தவனை எல்லாம் முன்னால் போகச் சொல்லிவிட்டோம். கடைவீதி, பள்ளத்துப் பாலம், மினி பஸ் எது வந்தாலும் நான் "காலை மாத்துடா" என்பேன், அவர் "மாத்தீட்டன்டா" என்பார். ஒரு இடத்தில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து காரை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. எட்டாவது காராக, எல்லோருக்கும் கடைசியில் போய்ச் சேர்ந்தோம். ஆபீசர் அட்டையில் எழுதிக் கொடுத்த 'பாஸ்' என்ற வார்த்தையை நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மெஷின்கள் வந்தன. தர்ம ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். முதல் நாள் முதலாளியும் வந்தார். என் மனைவி படுக்கையிலிருந்து, "குதிகால் எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டாள். அவர் சட்டென்று அவள் காலைத் தொடக் குனிந்துவிட்டார். அவள் பதறிக் காலை இழுத்துக்கொண்டாள். அப்புறம் இரண்டு பேரும் எந்தெந்தக் கம்பெனியில் யார் யாரோடு தைத்தோம் என்று மெஷின் ஓடி முடியும் வரை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கான்டீனில் டீ வாங்கி வந்து கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷமான நாள் எனக்கு அதிகம் வாய்த்ததில்லை.

அவள் அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தாள். எங்கள் மகள் வயதுக்கு வந்ததைப் பார்த்தாள், பன்னிரண்டாவது முடித்ததைப் பார்த்தாள். அவளுக்கு ஆறு வருடம் என்பதே அதிகம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். எனக்கு அது போதவில்லை. ஆனாலும் அந்த ஆறு வருடத்தில் ஒருநாள்கூட அவள் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. அதற்கு நான் அந்த வெள்ளைக்காரருக்கும், பானட்டில் அறைந்த அந்த அம்மாவுக்கும், என் முதலாளிக்கும் சாகும்வரை கடமைப்பட்டவன்.

அவளை எடுத்துப் போன அன்று முதலாளி தானே ஓட்டிக்கொண்டு வந்தார். என்னை இடது பக்கம் உட்கார வைத்து, அவளை ஏற்றிய வண்டிக்குப் பின்னால் மெதுவாக ஓட்டினார். நான் எதையும் பார்க்கவில்லை. ரோடு எங்கே திரும்புகிறது என்றுகூடத் தெரியவில்லை. சிக்னல் வந்தது. என் வாய் திறக்கவில்லை.

கார் அலுங்காமல் நின்றது. அவர் என் தொடையில் கை வைத்து, "மாத்தீட்டன்டா" என்றார்.