கனம் குறைந்த குந்தாலி

லிஃப்ட்காரர் என்றுதான் அந்தத் தெருவில் அவருக்குப் பெயர். ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில், கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, ஆட்களை மேலேயும் கீழேயும் கொண்டுபோய் விடுகிற வேலை. ஸ்டூலில் உட்கார்ந்தே தலை நரைத்தவர். "நாளெல்லாம் பயணம் பண்றாரு, ஆனா இன்னும் எந்த ஊருக்கும் போய்ச் சேரல" என்று அவருடைய மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அது அவள் சிரித்துக்கொண்டிருந்த காலம்.

அவள் ஓர் இரும்புச் சாமான் கடையில் விற்பனைக்கு நின்றவள். ஆணியிலிருந்து ஏணி வரை எது எந்த மூலையில் கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஒருநாள் வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, கால் தரையில் படுமுன்னே வண்டி நகர்ந்துவிட்டது. முதுகெலும்பில் அடி. எத்தனையோ வைத்தியம் பார்த்தும் இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. மருத்துவமனைக்குப் படுத்துக்கொண்டு போனவள், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வீடு திரும்பினாள்.

அன்றிலிருந்து லிஃப்ட்காரருக்கு இரண்டு உத்தியோகம். விடியுமுன் எழுந்து வெந்நீர் வைத்து, அவளைத் தூக்கிக் குளிப்பாட்டி, உடை மாற்றி, சமைத்து, மதியச் சாப்பாட்டை அவள் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு வேலைக்கு ஓடுவார். சாயங்காலம் வந்தால் மறுபடியும் அதேதான். வெளியூரில் இருக்கிற மகள் போனில், "ஒரு ஆள் வச்சுக்கோங்களேன்பா" என்பாள். வைத்துப் பார்த்தார். வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. களைப்பு மட்டும், வந்தால் கிளம்பாத உறவுக்காரர் மாதிரி வீட்டோடு தங்கிவிட்டது.

வீட்டு வாசலிலிருந்து தெருக் கதவு வரை ஒரு சிமெண்டுப் பாதை. அதன் ஓரத்தில் முன்பு ஒரு மரம் இருந்தது. கிளைகள் மின்கம்பியில் உரசுகின்றன என்று வெட்டிவிட்டார்கள். அடிக்கட்டையும் வேர்களும் அப்படியே கிடந்தன. வேர்கள் பாதைக்கு அடியில் பருத்து, சிமெண்டை அங்கங்கே முதுகு தூக்கி விட்டிருந்தன. நடந்து போகிற காலத்தில் இருவருக்கும் அது கண்ணில்கூடப் படவில்லை. சக்கரத்துக்குத்தான் அது தெரிந்தது. ஒரு மாலையில் அவளைத் தெருவரை தள்ளிக்கொண்டு போனபோது முன்சக்கரம் மேட்டில் முட்டி, நாற்காலி குப்புறச் சாய்ந்தது. அவள் உதடு கிழிந்தது.

"இனிமே என்னை வெளிய கூப்பிடாதீங்க" என்றாள். அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம்கூடத் திரும்புவதில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

கொத்தனார் வந்து பாதையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "வேரை எடுக்காம மேல பூசினா, அடுத்த மழைக்கே தூக்கிடும்ணே. நீங்க வேரை எடுத்து வையுங்க. அப்புறம் பூச்சை நான் பாத்துக்கறேன்." மண் தோண்டும் இயந்திரம் அந்தக் குறுகிய கதவுக்குள் நுழையாது. கூலிக்கு வருகிறேன் என்று தலையாட்டிய ஆட்களோ வந்தபாடில்லை. கடைசியில் லிஃப்ட்காரர் தானே இறங்குவது என்று முடிவு செய்தார்.

வேலையிலிருந்து திரும்பும் வழியில், நடைபாதைக் கடையில் ஒரு மண்வெட்டி வாங்கிவந்தார். பளபளவென்று பச்சை வண்ணம் பூசியது. விடுமுறை நாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, விரிசல் விட்ட சிமெண்டைப் பெயர்த்துப் போட்டுவிட்டு மண்ணில் இறங்கினார். வேர் தட்டுப்பட்டது. ஓங்கி ஒரு போடு போட்டார். மண்வெட்டியின் வாய் காகிதம் மாதிரி மடங்கியது. கல்லில் தட்டி நிமிர்த்தி மறுபடியும் போட்டார். பிடி முறிந்து கையோடு வந்தது. உள்ளங்கையில் அதற்குள் கொப்புளம்.

முறிந்ததை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"இதை யாரு உங்க தலையில கட்டினது?"

"மண்வெட்டிதானே, எல்லாம் ஒண்ணுதான்னு நெனச்சேன்."

"கொடுங்க இப்படி." வாங்கிப் புரட்டினாள். "தகரத்தை மடக்கி, ஒட்டவச்சு, பெயிண்ட் அடிச்சிருக்கான். வேருக்கு மண்வெட்டியே ஆகாதுங்க. மண்ணை அள்ளத்தான் அது. இதை வச்சுக்கிட்டு மூணு தலைமுறை வெட்டுனாலும் அந்த வேரு அசையாது."

அடிபட்ட பிறகு அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை. முறிந்த பிடியை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "நீங்க போனா இன்னொரு தகரத்தைத்தான் தூக்கிட்டு வருவீங்க. நானும் வர்றேன்" என்றாள்.

பக்கத்து வீட்டு டெய்லரும் அவருமாக நாற்காலியோடு அவளைத் தூக்கி, பெயர்ந்து கிடந்த பாதையைத் தாண்டித் தெருவில் வைத்தார்கள். "அண்ணி கனக்குறதே இல்ல, நாற்காலிதான் கனக்குது" என்றார் டெய்லர். "அண்ணி சாப்பிடுறது உங்கண்ணன் சமையலை. கனம் எப்படி ஏறும்?" என்றாள். ஆட்டோவில் ஏறியதும் முந்தானையை இழுத்து மடியை மூடிக்கொண்டாள். அவள் முன்பு வேலை பார்த்த கடை நெருங்க நெருங்க முகம் இறுகியது. வேண்டாம், திரும்பிவிடலாம் என்று சொல்லிவிடுவாளோ என்று அவருக்குப் பயம். 

கடை முதலாளி ஓடிவந்து வரவேற்றார். அவள் வேலைக்கு நின்றபோது அவருடைய அப்பாதான் முதலாளி. "வாங்கக்கா, வாங்க" என்றவர், நாற்காலியைப் பார்க்காமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டார். அவள் நின்ற இடத்தில் இப்போது வேறொரு பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"பெரிய வேர் தோண்டணும் தம்பி. கடப்பாரை, குந்தாலி, ஒரு ரம்பம். முன்னாடி மாட்டியிருக்கிற அலங்காரச் சாமான் வேண்டாம். உள்ள இருக்குறதைக் கொண்டுவரச் சொல்லுங்க."

கடப்பாரைகள் வந்தன. ஒவ்வொன்றையும் தரையில் தட்டச் சொல்லிக் காதால் கேட்டாள். ஒன்று மட்டும் மணி மாதிரிக் கணீரென்றது. ஒரு முனை கூர், மறுமுனை உளி மாதிரித் தட்டை. "கூரு மண்ணைக் கிளற, தட்டை வேரை நெம்ப" என்று கணவரிடம் சொல்லி, அதை ஒதுக்கி வைத்தாள். ரம்பத்தில் பல் பெரிதாக, விலகி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து எடுத்தாள். பச்சை மரத்தூள் சின்னப் பல்லில் அப்பிக்கொள்ளுமாம்.

குந்தாலியில்தான் நேரம் பிடித்தது. ஒரு வாய் கோடாரி மாதிரி வெட்டவும், மறுவாய் கொத்தவும் ஆன ரகம் கேட்டாள். முதலாளி இருப்பதிலேயே பெரிதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இது போட்டா எந்த வேரும் நிக்காதுக்கா."

அவள் பிடி நுழைகிற துளையைப் பார்த்தாள். ஒட்டுப்போடாமல் ஒரே இரும்பில் அடித்தது. மரப்பிடியின் ரேகை நேராக நுனிவரை ஓடியது. எல்லாம் சரிதான். ஆனாலும் தலையை ஆட்டினாள்.

"இதுல சின்னது கொடுங்க."

"அக்கா, வேர் பெருசுன்னு சொன்னீங்களே?"

"வேருக்குத் தகுந்த மாதிரி வாங்கினா இவரால தூக்க முடியாது தம்பி. காலையில என்னைத் தூக்கிக் குளிப்பாட்டி, வேலைக்குப் போயிட்டு, வந்து மறுபடியும் என்னைத் தூக்குறாரு. தோள்பட்டை ஏற்கெனவே போச்சு. ராத்திரி புரண்டு படுக்க முடியாம முனகுறாரு. பெருசை நாலு தரம் ஓங்குனா அஞ்சாவது தரம் கால்லதான் போட்டுக்குவாரு. சின்னதுன்னா மெதுவா ஆகும். ஆகட்டும்."

லிஃப்ட்காரர் ஏணிகள் சாத்தியிருந்த பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார். தான் முனகுவது தனக்கே தெரியாது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது. நாலு பேர் முன்னால் கிழவனாக்கிவிட்டாளே.

கிளம்பும்போது, "ஒரு அரமும் போடுங்க தம்பி" என்றாள். 

வேலை ஆரம்பித்தது. காலையில் வேலைக்குப் போகுமுன் கொஞ்சம், விடுமுறை நாளில் கொஞ்சம். அவள் நாற்காலியை வாசற்படி விளிம்புவரை உருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துகொள்வாள். முதலில் கடப்பாரையால் மண்ணைக் கிளறி அள்ளிப்போட்டு, வேரைச் சுற்றிக் குழி பறிக்க வேண்டும். பிறகு தண்ணீர் ஊற்றி வேரைக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் மண்ணும் கல்லும் குந்தாலியின் வாயை மழுக்கிவிடும். அப்புறம்தான் வெட்டு. விரல் பருமன் வேர்கள் ஒரே போடில் போயின. மணிக்கட்டுப் பருமன் உள்ளவை இழுபறி செய்தன. பாதைக்குக் குறுக்கே தொடைப் பருமனில் ஒன்று ஓடியது. அது எதற்கும் மசியவில்லை.

"நேரா போடாதீங்க, சாய்ச்சுப் போடுங்க."

"சாய்ச்சுத்தான் போடுறேன்."

"இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. நடுவுல சில்லு தெறிக்கணும்."

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கியா?"

ஒரு விடுமுறை நாள், வெயில் ஏறிய பிறகும் வெட்டிக்கொண்டிருந்தார். குந்தாலி வேரில் பட்டுப் பட்டு எகிறியது. "கொஞ்சம் கீழ தள்ளி" என்று அவள் ஆரம்பித்ததும் அவருக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. குந்தாலியைக் கீழே எறிந்தார்.

"நான் மனுஷனா மாடா? என்னால முடியலடி. எதுவுமே முடியல. போதும்!"

டெய்லர் வீட்டுத் தையல் மிஷின் சத்தம் நின்றது. லிஃப்ட்காரர் உள்ளே போய்ச் சமையலறையில் வெறுந்தரையில் படுத்துக்கொண்டார். அவள் கூப்பிடுவாள் என்று நினைத்தார். கூப்பிடவில்லை. கண் அசந்துவிட்டது.

விழித்தபோது வாசல் பக்கம் கர், கர் என்று சத்தம். எழுந்து போய்ப் பார்த்தார். எறிந்த குந்தாலியை டெய்லர் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். அதை மடியில் குறுக்கே வைத்து, பழைய சாக்கு ஒன்றைக் கீழே விரித்துக்கொண்டு, அவள் அரத்தால் அதன் வாயைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சேலையெல்லாம் இரும்புப் பொடி. நெற்றி வியர்த்திருந்தது.

"மழுங்கிக் கிடக்கு. இதைப் போட்டு வெட்டுனா மாடா இருந்தாலும் முடியாதுதான்" என்றாள், தலை நிமிராமல்.

அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"முடியலன்னா முடியலன்னு சொல்லணும். நீங்க இவ்வளவு நாள் சொல்லாததுதான் எனக்குப் பயமா இருந்துச்சு." மறுபடியும் தேய்த்தாள். "கொஞ்சம் தண்ணி கொண்டாங்க. எனக்கும் கை வலிக்குது."

அன்று மேற்கொண்டு வெட்டவில்லை. அதற்குப் பிறகு அது ஒரு முறையாகிவிட்டது. அவர் வெட்டுவார், வாய் மழுங்கியதும் குந்தாலி அவள் மடிக்குப் போகும், அவள் தீட்டும் நேரம் முழுக்க அவர் சும்மா உட்கார்ந்திருப்பார். சில நாள் அவள் வேண்டுமென்றே நிதானமாகத் தீட்டுகிறாள் என்று அவருக்குச் சந்தேகம். 

பெரிய வேர் ஒரு காலைப்பொழுதில் விட்டுக்கொடுத்தது. முக்கால்வாசி வெட்டிய இடத்தில் ரம்பத்தைப் போட்டு, அடியில் ஒரு கல்லை முட்டுக் கொடுத்து, கடப்பாரையின் தட்டை முனையால் முழு உடம்பையும் சாய்த்து நெம்பினார். மடேரென்று ஒரு சத்தம். வேரோடு அவரும் குழிக்குள் விழுந்தார். "ஐயோ, என்னங்க!" என்றாள். "உயிரோடதான் இருக்கேன்" என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. எழுந்திருக்க மனமில்லாமல் ஈர மண்ணில் அப்படியே கிடந்தார். மண் குளுகுளுவென்று இருந்தது. அவள் சிரித்தாளோ, அழுதாளோ, மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த வேரின் மிச்சம் சுவருக்கு அடியில் டெய்லர் வீட்டுப் பக்கம் போயிருந்தது. சுவரோரம் வெட்டி விட்டுவிட்டார்கள். அடிக்கட்டையும் அங்கேயே இருக்கிறது. அதைத் தொடுகிற தெம்பு யாருக்கும் இல்லை. கொத்தனார் சொன்னபடி வந்து, பாதையைச் சமமாகப் பூசி, வாசற்படியின் ஒரு பக்கம் சக்கரம் இறங்கச் சரிவும் வைத்துக் கொடுத்தார்.

பூச்சு நன்றாக இறுகிய பிறகு, ஒரு விடுமுறை நாள் காலையில், அவள் இரண்டு சக்கரங்களையும் தன் கையாலேயே உருட்டிக்கொண்டு தெருக் கதவுவரை போனாள். பின்னால் வரப்போனவரை, "நீங்க உக்காருங்க" என்று கையமர்த்தினாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். முதுகு நிலைப்படியில் சாய்ந்தது. சமைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், தோளுக்குத் தைலம் தீர்ந்துவிட்டது என்று வரிசையாக நினைத்துக்கொண்டே வந்தவர் பாதியில் தூங்கிப்போனார். வாய் திறந்திருந்தது.

காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டே வந்தவர், அவளைக் கதவருகே பார்த்ததும் நின்றுவிட்டார். "அடடே, அம்மா! எவ்வளவு நாளாச்சு!"

"மெதுவா பேசுப்பா" என்று அவள் உதட்டில் விரலை வைத்தாள். "அவர் தூங்கறாரு. அந்த முருங்கக்காயை எடு, பாக்கலாம்."