கிணற்றுக்கு மேல் எழுந்த மதில்

1983 நவம்பர் 9, புதன்கிழமை, காலை ஆறே கால் மணி. தூறல் நின்றும் நிற்காமலும் இருந்தது. கொத்தனார் எங்கள் சுற்றுச்சுவரின் மேல் நூல் பிடித்துக்கொண்டிருந்தார். நான் குடையோடு நின்று சிமென்ட் மூட்டைகளை எண்ணினேன். எட்டு இருந்தது. இரண்டு மூட்டைகளின் ஓரம் ஈரத்தில் கட்டிதட்டிப்போயிருந்தது.

ஓய்வு பெற்று, கே.கே. நகரில் வீடு கட்டிக் குடிவந்த மூன்றாம் வருடம் அது. அடுத்த தெருவில் திருடன் புகுந்து பித்தளைப் பாத்திரங்களை அள்ளிப் போனதிலிருந்து என் மனைவிக்குத் தூக்கம் போய்விட்டது. டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டால் பகலெல்லாம் தலை சுற்றியது. ஒருநாள் குளியலறையில் விழுந்தும் விட்டாள். சுவரை உயர்த்தினால் தூங்குவேன் என்றாள். அவள் தூங்கினால் போதும் என்றிருந்தது எனக்கு.

பக்கத்து வீட்டுக்காரர் அலங்காநல்லூர்க்காரர். பல் குச்சியோடு வந்து அண்ணாந்து பார்த்தார்.

“என்னண்ணே, கோட்டை கட்டுறீகளா? வாடிவாசல் எந்தப் பக்கம்னு சொல்லிருங்க, காளைய அவுத்து விட்டுர்றேன்.”

“உங்க சுவரும்தான்யா பாதி. செலவு மட்டும் என்னுது.”

“அதான் பேசாம நிக்கிறேன்ல.”

அவர் சொன்ன கோட்டை என்ற சொல் அன்று முழுவதும் என்னோடு இருந்தது. முப்பது வருடம் வெளி வீதி வழியாகத்தான் ஆபீசுக்கு நடந்தேன். பழைய கோட்டைச் சுவரும் அகழியும் இருந்த இடம் என்பார்கள். இப்போது அங்கே சைக்கிள் கடையும் லாட்ஜும் இருக்கின்றன. இடிந்த பிறகும் அந்தச் சொல்லை நாம் விடவில்லை. மனத்தில் கோட்டை கட்டுகிறோம். கைக்கு வந்ததைக் கோட்டை விடுகிறோம். மேலூர்ப் பக்கம் பிறந்த என் மனைவிக்கோ கோட்டை என்றால், வைக்கோல் பிரி சுற்றி இறுகக் கட்டிய விதைநெல். அடுத்த விதைப்பு வரை உள்ளே உயிர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கிணறு ஒன்றுதான். எல்லைக்கோடு அதன் நடுவே ஓடியது. பாதிக் கிணறு அவர்களுக்கு, பாதி எங்களுக்கு. ஆளுக்கொரு உருளை, ஆளுக்கொரு வாளி. சுவர் கிணற்றின் இரண்டு பக்கமும் வந்து நின்றுவிடும். நடுவில் திறப்பு.

“அந்தத் தெறப்பையும் அடைக்கச் சொல்லுங்க,” என்றாள் மனைவி. “கெணத்து மேட்டுல கால வச்சு ஏறி வந்துருவான்.”

கொத்தனார் தயங்கினார். “தண்ணி எடுக்கலாம்மா, ஆனா மூஞ்சி தெரியாது.”

“மூஞ்சிய வச்சு என்ன செய்ய? அடைங்க.”

மேலூரிலிருந்து இரண்டு கருங்கல் பலகை வந்தது. கிணற்று வாயின் குறுக்கே அவற்றைப் போட்டு மேலே சுவர் எழுப்பி, உச்சியில் கண்ணாடிச் சில்லு பதித்தார்கள். ஏழடி.

அவள் தூங்கவில்லை. முன்பெல்லாம் விடியும்போதே பக்கத்து வீட்டு அம்மா கிணற்றடிக்கு வந்து, “எக்கா, எந்திரிச்சாச்சா?” என்று கேட்பாள். வாளி இறங்குவதற்குள் இருவரும் ஊர்க்கதையில் பாதியைப் பேசிவிடுவார்கள். இப்போது உருளைச் சத்தம் மட்டும் கேட்டது. சுவருக்கு அப்பால் இருப்பது அவளா வேறு யாராவதா என்று மனைவி காதைக் கொடுத்து நிற்பாள். பகலிலும் கதவைத் தாழிட்டு, நாற்காலியை அதற்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். எனக்கும் அலுத்துவிட்டது.

“இன்னும் என்ன பயம்? ஏழடி இருக்கு.”

“ஏழடிதேன். உள்ள ஒருத்தன் வந்துட்டா நாங் கத்துறது யாருக்குக் கேக்கும்? வார்றவனுக்குத்தேன் இம்புட்டுப் பெரிய மறைப்பு கட்டிக் குடுத்துருக்கோம்.”

மறுநாள் கொத்தனாரைத் தேடிப் போனேன். அவர் சிரிக்கவில்லை; கூலியை மட்டும் முன்னதாகவே பேசிக்கொண்டார். கிணற்றுக்கு மேலிருந்த பகுதியை உடைத்து எடுத்தார். சிமென்ட் நன்றாகப் பிடித்திருந்ததால் உடைக்க ஒரு பகல் முழுவதும் ஆயிற்று.

கடைசிக் கல் விழுந்ததும் திறப்பில் பக்கத்து வீட்டு அம்மாவின் முகம் தெரிந்தது. “எக்கா, எளச்சுப் போனீகளே!” என்றாள். அவள் கணவரின் குரல் பின்னாலிருந்து, “வாடிவாசல் தொறந்தாச்சு டோய்!” என்றது. என் மனைவி பல நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாள் மதியம் அந்த அம்மா கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். துணி அடிக்கும் சத்தம் கேட்க, என் மனைவி பின்கட்டுத் தரையில் சேலைத் தலைப்பை விரித்துப் படுத்தாள். கதவு திறந்தே கிடந்தது. நான்கு மணி வரை அசையவில்லை. காப்பிக்கு எழுப்ப மனம் வராமல், நான் எதிரே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கட்டியது, உடைத்தது, கருங்கல், கண்ணாடி, கட்டிதட்டிப்போன சிமென்ட், எல்லாம் சேர்த்து ஆயிரத்து அறுநூற்று எண்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு.