சித்தப்பா மாற்றி வைத்த முடி

நம் முடியோ நகமோ பிறத்தியார் கைக்குப் போனால் செய்வினை வைத்துவிடுவார்கள் என்பதில் என் சித்தப்பாவுக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. ஓசூர் கம்பெனியில் கம்ப்யூட்டர் மிஷின் ஓட்டுகிறவர்தான். ஆனால் வீட்டில் நகம் வெட்டினால் ஒரு துண்டு விடாமல் பொறுக்கிப் புதைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

சூளகிரியிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். மூடிப்போன சுரங்கத்தின் சாம்பல் நிற மண்மேட்டுக்குக் கீழே எங்கள் கொத்தமல்லித் தோட்டமும் கிணறும். அப்பா இல்லாததால் தோட்டத்தை அம்மாதான் பார்த்தாள். அவள் உள்ளங்கை நிறையச் சின்னச் சின்னக் காய்ப்புகள். தலை வாரிவிடும்போது என் முடி அதில் சிக்கும். வேலை செய்கிற கை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

எனக்குப் பத்து வயதில் ஒரு கல்லூரி டீச்சர் வந்து மண், தண்ணீர், கொத்தமல்லி எல்லாவற்றையும் சோதித்தார். எல்லாவற்றிலும் ஆர்செனிக் என்ற விஷம். ஆட்கள் உடம்பிலும் ஏறியிருக்கிறது என்று காட்டினால்தான் அரசாங்கத்திடம் லாரித் தண்ணீர் கேட்க முடியுமாம். அதற்கு முடி வேண்டும் என்றார். ஊரில் ஒருவரும் தரவில்லை. அம்மா மட்டும் அவள் முடியிலும் என் முடியிலும் இத்தனூண்டு வெட்டி, இரண்டு கவரில் போட்டு வைத்தாள்.

சித்தப்பா சும்மா இருப்பாரா? அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரத்தில், ஊருக்கு வந்திருந்த அத்தை கொண்டையில் வைத்துக் கட்டும் சவுரி முடியைக் கத்தரித்து இரண்டு கவரிலும் போட்டுவிட்டார். எங்கள் முடியைக் கொத்தமல்லிப் பாத்தியில் புதைத்தோம். காவல் நின்ற எனக்கு ஒரு கிரீம் பன் கிடைத்தது.

ஒரு மாதம் கழித்து டீச்சர் குழப்பத்தோடு வந்தார். “விஷமே இல்லம்மா. ஆனா ரெண்டும் ஒரே ஆள் முடி மாதிரி இருக்கு. சாயம் வேற போட்டிருக்கு.”

அம்மா சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா என்னைப் பார்த்தார். எனக்குப் பார்க்க ஆளில்லாமல் நாயைப் பார்த்தேன்.

அம்மா கத்தரிக்கோலோடு வாசலில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். “கொஞ்சம் போதும்மா” என்று டீச்சர் சொல்வதற்குள் பாதி முடி கையில் இருந்தது.

“வேணாங்க அண்ணி. யாராச்சும் எதனா பண்ணிருவாங்க” என்றார் சித்தப்பா.

“பண்ணட்டும். நாம திங்கிற மண்ணே பண்ணிட்டுதான இருக்குது. நீ வா பாப்பா.”

ஆண்டு விழா நடனத்துக்காக வளர்த்த பின்னல் அது. நான் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. அம்மா என்னைக் கால்களுக்கிடையில் இறுக்கிப் பிடித்துக் கத்தரித்தாள். கவர்களை டீச்சர் பையில் வைக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை. அதன்பிறகு சித்தப்பாவும் வந்து முடி வெட்டத் தலையைக் குனிந்தார். தெருவில் இன்னும் நாலைந்து வீடுகள் கொடுத்தன. இவள் பிடிவாதத்துக்கு என் பின்னல்தானா கிடைத்தது என்று எனக்கு ஆத்திரம் தீரவே இல்லை.

அடுத்த முறை டீச்சர் வந்தபோது, “உங்களுக்கு நிறைய ஏறியிருக்கும்மா. கையில இருக்கிற காய்ப்பும் அதாலதான்” என்றார். அம்மா சும்மா தலையாட்டினாள். “பாப்பாவுக்கும் இருக்கு” என்றார். அம்மா நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். இனி லாரி வந்துவிடும் என்று டீச்சர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

காலையிலிருந்து தோட்டத்தில் நின்ற களைப்பு என்று நினைத்தேன். கோபத்தை மறந்து ஓடிப்போய், கிணற்றிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். அவள் அதைப் பிடுங்கிக் கீழே கொட்டினாள். ஆசையாகக் கொண்டுவந்த தண்ணீரை இப்படிக் கொட்டிவிட்டாளே என்று அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.